கடம்பத்தூரில் ஏழாவது ஆள்

சித்தப்பாவுக்குப் பந்து பிடிக்கிற வேலை கிடைத்ததற்குக் காரணம் என் அம்மாதான். வேலை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. அவரைப் பற்றிப் புகார்தான் சொன்னாள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் குப்பம் பழவேற்காட்டு ஏரியின் மேற்குக் கரையில் இருந்தது. நைனாவும் சித்தப்பாவும் ஏரியில் வலை போடுவார்கள். அம்மா மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு புதுவாயல் கூட்டுரோடு வரைக்கும் போய் விற்றுவிட்டு வருவாள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்போதுதான் ஒன்றிரண்டு ஆலைகள் முளைத்திருந்தன. அதில் ஓர் இரும்புக் கம்பி ஆலையின் முதலாளி மகனுக்குக் கால்பந்துப் பைத்தியம். ஆலைக்குப் பின்னால் முள் வெட்டித் திடல் போட்டார். சம்பளத்துக்கு ஆள் எடுத்து ஒரு டீம் சேர்த்தார். அவர்கள் மெஷின் பக்கமே போக வேண்டாம், பந்து ஆடுவதுதான் வேலை. புதுவாயலில் ஒரு நீளமான ஓட்டு வீட்டில் அத்தனை பேரும் தங்கியிருந்தார்கள். அந்த வீட்டுக்கும் அம்மாதான் தினமும் மீன் கொடுத்தாள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டது.

ஒரு நாள் மாஸ்டர், மீன் ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

"இன்னா பண்றது மாஸ்டர்? வலை இழுக்க வேண்டிய கை, மணல்ல பந்து புடிச்சிகினு கீது. எங்க ஊட்டுக்காரர் தம்பிதான். எத்தினி பேர் சுத்தி நின்னு ஒதைச்சாலும் ஒன்னுகூட உட மாட்டான். ஏரில அப்படிப் புடிச்சிருந்தா நாங்க மாடி ஊடு கட்டியிருப்போம்."

மறுநாளே மாஸ்டர் சைக்கிளில் எங்கள் குப்பத்துக்கு வந்து, ஒரு மணி நேரம் மணலில் நின்று பார்த்தார். அடுத்த வாரம் சித்தப்பா கம்பெனி டீமின் கோல்கீப்பர்.

நைனாவுக்கு இந்த உத்தியோகம் கடைசி வரை பிடிபடவில்லை.

"வேலை இன்னாடா?" என்று கேட்டார்.

"பந்து புடிக்கிறதுண்ணா."

"புடிச்சி?"

"திரும்பத் தூக்கிப் போட்டுடறது."

நைனா திரும்பி ஏரியைப் பார்த்தார். "புடிச்சதைத் திரும்பப் போட்டுடறதுக்குச் சம்பளமா?" என்றவர், அதற்குமேல் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

டீம் பட்டணத்து லீக்கில் ஆடியது. நிறையத் தோற்றார்கள், சில ஆட்டங்களில் சமமாக நின்றார்கள். ஒரே ஒரு தடவை, பட்டணத்தின் பெரிய டீம் ஒன்றை ஒரு கோல் கணக்கில் ஜெயித்தார்கள். அந்த ஆட்டத்தில் சித்தப்பா ஒரு பெனால்டியைத் தடுத்தார். எப்படி இடது பக்கம் பாய்ந்தார், எந்த விரலில் பந்து பட்டது, தரையில் விழுந்ததும் வியாசர்பாடிக்காரரான கேப்டன் டேவிட் எப்படி மேலே வந்து விழுந்தார் என்பதையெல்லாம் எனக்கு மட்டும் ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பார். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு ஆட்டத்தையும் பார்த்ததில்லை. கடைசி ஆட்டத்துக்குக் கண்டிப்பாக அழைத்துப் போவதாக அவர் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். நான் அதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

கடைசி ஆட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஆலையில் ஏதோ சிக்கல். முதலாளி மகன் வடக்கே போய்விட்டார். டீம் இனிமேல் கிடையாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள். பூட்ஸ், சட்டை எல்லாவற்றையும் ஆலை குமாஸ்தா வாங்கி மூட்டை கட்டி வைத்தார். எட்டு மாதத்தில் எல்லாம் முடிந்தது. ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு ஊராகக் கலைந்துபோனார்கள். சித்தப்பா மறுபடியும் வலை இழுக்க வந்தார். நைனா படகில் அவருக்கான இடத்தைக் காட்டினார், அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் மாஸ்டர் வந்தார். சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, பிடித்தபடியே பேசினார்.

"நாளைக்கு மேட்ச் இருக்கு. நாம போகலைன்னா, லீக்லேருந்து விலகினதா எழுதிடுவாங்க. அப்படி எழுதிட்டா இந்த வருஷம் நாம ஆடின எல்லா ஆட்டத்தையும் அடிச்சிடுவாங்க. ஜெயிச்சது, தோத்தது எதுவும் கணக்குல நிக்காது. அப்படி ஒரு டீமே இருந்ததில்லைன்னு ஆயிடும்."

சித்தப்பா கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார்.

ஏழு பேர் இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கலாம் என்றார் மாஸ்டர். பூட்ஸ் இரவல் வாங்கியாகிவிட்டது. டேவிட், மலபாரிலிருந்து வந்த முன்வரிசைக்காரர் ஒருவர், சித்தப்பா என்று விரல் விட்டு எண்ணியதில் ஆறு பேர் தேறினார்கள். குப்பத்துப் பையன் எவனையாவது இறக்கிவிடவும் வழியில்லை. லீக்கில் பெயர் பதிந்தவர்கள்தான் ஆட முடியும். கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒரே ஆள், கடம்பத்தூர்க்காரனான துரை.

"போன வாரமே போய்ப் பார்த்தேன்" என்றார் மாஸ்டர். "அவங்க அப்பா, மகன் மெஷின்ல வேலை பார்க்கறான்னு நினைச்சிக்கிட்டு இருந்திருக்கார். வாசல்ல காளை கட்டியிருந்தது. அதோட கயித்துல கைய வெச்சிக்கிட்டு, போறியா, இல்ல அவுத்து விடட்டுமான்னு கேட்டார்."

அதுவரை அடுப்படியில் இருந்த அம்மா வெளியே வந்தாள்.

"பொம்பளை மேல காளைய உட மாட்டாரு இல்ல? நான் போறேன்."

"உனக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?" என்றார் நைனா.

"மாஸ்டரு கிட்ட வாயத் தொறந்தது நானு. இல்லன்னா இவன் பாட்டுக்கு வலை இழுத்துகினு இருந்திருப்பான். எட்டு மாசமா ஒன்னுமே நடக்கலன்னு எவனோ ஒருத்தன் அடிச்சிட்டுப் போவான், அத நான் பாத்துகினு இருக்கணுமா?"

நானும் வருவேன் என்று அடம் பிடித்தேன். துரையை அழைத்துக்கொண்டு நேராகத் திடலுக்கு வந்துவிடுவதென்று ஏற்பாடு. விடிவதற்கு முன்பே சித்தப்பா எங்களைச் சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டுபோய்க் கும்மிடிப்பூண்டியில் முதல் வண்டியில் ஏற்றிவிட்டார். பட்டணத்தில் இறங்கி அரக்கோணம் வண்டி பிடித்துக் கடம்பத்தூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது.

துரையின் வீட்டில் யாருமில்லை. அவர்கள் எல்லாரும் கழனியில் இருப்பதாகச் சொன்னார்கள். அன்றைக்கு நடவு. வரிசையாகக் குனிந்து பெண்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். முழங்கால் சேற்றில், தலையில் நாற்றுக்கட்டோடு துரை வந்துகொண்டிருந்தான். அம்மாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். தினமும் மீன் கொண்டுவந்து கொடுத்தவளை அந்த வரப்பில் அவன் எதிர்பார்க்கவில்லை.

அவனுடைய அப்பா பம்ப்செட் பக்கமிருந்து வந்தார். அம்மா விஷயத்தைச் சொன்னாள். அவர் முழுசாகக் கேட்டார். பிறகு, "எழுதட்டுமே. பந்து ஒதைச்சதை எழுதினா இன்னா, எழுதலன்னா இன்னா?" என்றார்.

"உங்களுக்கு எப்பவாச்சும் வெள்ளாமை தவறியிருக்குதாங்க?"

"ஏன் தவறல? ரெண்டு வருசம் முன்னாடி மழைல மொத்தமும் போச்சி."

"அந்த வருசம் நீங்க பயிரே வெக்கலன்னு யாராச்சும் சொன்னா ஒத்துக்குவீங்களா?"

நட்டுக்கொண்டிருந்த பெண்களில் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அதெல்லாம் சரி" என்றார் அவர், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி. "இன்னிக்கி உட்டா எனக்கு ஏரித் தண்ணி மொறை போயிடும். நடவாளுங்க வந்தாச்சி. நாத்து சொமக்க இவன உட்டா வேற ஆளு இல்ல. நான் இன்னா பண்ணட்டும்?"

"நான் சொமக்கறேன்" என்றாள் அம்மா.

"உனக்குச் சேத்துல நடந்து பழக்கம் கீதா?"

"சேத்துல இல்ல. தலைல சொமந்து பழக்கம் கீது."

புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு இறங்கினாள். முதல் நடையிலேயே வழுக்கி உட்கார்ந்தாள். "அக்கா, இது உங்க ஏரி இல்ல, நீந்த முடியாது" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. எழுந்து, நாற்றுக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு, கால் பெருவிரலைச் சேற்றில் ஊன்றி ஊன்றி நடந்தாள். மூன்றாவது நடையில் கால் வழுக்காமல் நின்றது. நான்காவது நடையில் துரையைத் தாண்டிப் போனாள். வரப்பில் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்த அவனுடைய அப்பா, "போடா" என்றார் அவனிடம். "காலைக் கழுவிகினு போ."

துரை கழுவவில்லை. சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனைப் பார்த்து ஓடினான்.

நானும் ஓட எழுந்தேன். "எங்கடி போற?" என்றாள் அம்மா.

"மேட்சுக்கு."

"ஆளுக்கு ஆளுன்னு சொல்ட்டேன். நடவு முடியறவரிக்கும் நாம இங்கதான்."

நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். துரையின் அம்மா ஒரு குண்டானில் கூழ் கொண்டுவந்து கொடுத்தாள். குடிக்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்புறம் குடித்தேன். குடித்து முடித்ததும் அந்த அம்மாள், கட்டைப் பிரித்து, சிறு சிறு நாற்று முடிகளை நடுகிறவர்கள் கைக்கெட்டும்படி வீசச் சொன்னாள். யார் மேலோ இருந்த கோபத்தில் வீசினேன். ஒரு முடி ஒருத்தியின் முதுகில் போய் விழுந்தது. "பொண்ணுக்குக் கை நல்லா வருது" என்றாள் அவள்.

அம்மா நின்றதாக எனக்கு நினைவே இல்லை. நாற்றங்காலுக்கும் கழனிக்கும் இடையில் அவள் போய்வந்த தடம் வரப்பில் பள்ளமாகவே விழுந்திருந்தது. வெயில் சாயும்போது துரையின் அப்பா, இடுப்பிலிருந்த கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, யாரையும் பார்க்காமல், "நாலு ஆவுது. ஆரம்பிச்சிருப்பாங்க இல்ல?" என்றார். அம்மா தலையில் கட்டோடு, "ம்" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து அவரே, "பாதி ஆட்டம் ஆயிருக்கும்" என்றார். அதன்பிறகு ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

நடவு முடிந்து, வண்டி பிடித்துப் பட்டணம் வந்து இறங்கும்போது ஸ்டேஷனில் விளக்குப் போட்டிருந்தார்கள். ஏழு பேரும் மாஸ்டரும் எங்களுக்காகப் பிளாட்பாரத்தில் காத்திருந்தார்கள். கம்பெனிச் சட்டைக்குப் பதிலாக அம்மா முந்தின ராத்திரியே துணிக்குப் போடும் நீலத்தில் முக்கிக் கொடுத்த பனியன்களைத்தான் போட்டு ஆடியிருந்தார்கள். வியர்வையில் சாயம் இறங்கி, கழுத்தும் கையும் நீலமாக இருந்தன. துரையின் கெண்டைக்காலில் சேறு காய்ந்து வெள்ளையாக வெடித்திருந்தது.

ஜெயித்தீர்களா என்று அம்மா கேட்பாள் என நினைத்தேன். அவள், "கடேசி வரிக்கும் நின்னீங்களா?" என்று கேட்டாள்.

"நின்னோம் அண்ணி" என்றார் சித்தப்பா. "தொர ஏறின வண்டி நடுவழில நின்னுடுச்சி. அவன் வந்து சேந்தப்போ ரெப்ரி விசிலை வாயில வெச்சிட்டாரு. மலபார்க்காரருக்குப் பாதியிலயே கால் பெசகிடுச்சி. ஆறு பேர் ஆயிட்டா நிறுத்திடுவாங்கன்னு மனுசன் ஒத்தக் கால்லயே நின்னாரு. ஒக்காரவே இல்ல."

மலபார்க்காரர் கால் வீக்கத்தைக் காட்டிச் சிரித்தார். எல்லாருமே சிரித்தார்கள். அம்மா துரையிடம், நாளைக்கு நேரத்தோடு எழுந்திருக்கச் சொல்லி அவனுடைய அப்பா சொன்னதாகச் சொன்னாள். அதற்கும் சிரித்தார்கள். மாஸ்டர் மட்டும் அந்தப் பக்கம் திரும்பி நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் சித்தப்பாவின் கையைப் பிடித்து இழுத்து, எத்தனை கோல் என்று கேட்டேன்.

"அவங்க ஆறு."

"நாம?"

"நாம ஒன்னும் போடல கண்ணு."

எனக்குத் தாங்கவில்லை. பிளாட்பாரம் என்றுகூடப் பார்க்காமல் ஓவென்று அழுதேன். ஆறு கோல் வாங்குவதற்காகவா நான் கடம்பத்தூரில் நாற்று வீசினேன்? பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வேன்? டேவிட் என்னைத் தூக்கிக்கொண்டார். அவர் தோளிலும் நீலம் ஒட்டியிருந்தது. அதன்பின் ஒவ்வொருவராக அவரவர் வண்டிக்குப் போனார்கள். அந்த ஏழு பேரும் சேர்ந்து நின்றது அன்றைக்குத்தான் கடைசி.

மறுநாள் காலையில் அம்மாவால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கையைத் தோளுக்குமேல் தூக்க வரவில்லை. அப்படியும் மீன் கூடையிடம் போய்க் குனிந்தாள். சித்தப்பா வந்து அதை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். எங்கள் குப்பத்தில் ஆண்பிள்ளைகள் படகு தள்ளுவார்கள், வலை சுமப்பார்கள். மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு விற்கப் போனதை யாரும் பார்த்ததில்லை. கரையிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். புதுவாயல் கூட்டுரோட்டில் ஷிப்டு முடிந்து வந்த ஆலைக்காரர்கள், "இன்னா கோல்கீப்பர், ஆறு உட்டியாமே!" என்று டீக்கடையிலிருந்து கத்தினார்கள்.

"ஆமா, ஆறு! மேட்சு முடியறவரிக்கும் ஆடினோம்!" என்று சித்தப்பா அதைவிடச் சத்தமாகத் திருப்பிக் கத்தினார். அவருக்குப் பக்கத்தில் அம்மா, திருப்ப முடியாத கழுத்தோடு, மீனோ மீன் என்று கூவிக்கொண்டு நடந்தாள்.

அவர்களோடு வந்தவள் என்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதென்று நான் பத்தடி பின்னால் வந்தேன். இவ்வளவு தோற்றுவிட்டு, தலையில் மீன் கூடையையும் வைத்துக்கொண்டு, இந்த மனிதரால் எப்படி நடுரோட்டில் நெஞ்சை நிமிர்த்தி நடக்க முடிகிறது, அம்மாவும் ஏன் அவருக்குச் சமமாக நடக்கிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை. வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு அவர்கள் பின்னாலேயே நடந்தேன்.