கேப்டன் நாற்காலியில் என் துண்டு

எதிர்வீட்டுக்காரர் மேல் பொறாமைப்பட்டு அந்தமானுக்குக் கப்பலேறிய ஒரே ஆள் சிட்லபாக்கத்தில் நானாகத்தான் இருப்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எதிர்வீட்டு ரங்கராஜன் ஆபீஸ் சலுகையில் கப்பலில் அந்தமான் போய்வந்தார். அதிலிருந்து தெருவில் யாரைப் பார்த்தாலும், "கேப்டனே கூப்பிட்டுப் பக்கத்துல உட்காரவெச்சு சாப்பிடச் சொன்னார் சார்" என்பார். எனக்குப் பல மாதம் சோறு இறங்கவில்லை. மறுவருடம் அதே கப்பலில் நானும் மனைவியும்.

முதல் நாள் மதியமே சாப்பாட்டு ஹாலுக்கு முந்திப் போனேன். கேப்டன் மேஜை எதுவென்று விசாரித்து, தாம்பரத்தில் மின்சார ரயில் ஜன்னல் வழியே இடம் பிடிக்கும் பழக்கத்தில், இருப்பதிலேயே நல்ல நாற்காலியில் என் துண்டைப் போட்டேன். அந்த மேஜைக்கு அழைப்பு வேண்டும், அங்கே துண்டு செல்லாது என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

கைகழுவித் திரும்பினால், வெள்ளை உடுப்பில் கேப்டன் தன் நாற்காலியிலிருந்து துண்டை இரண்டு விரலால் தூக்கி, யாருடையது என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கடலைப் பார்த்தேன்.

"பச்சைக் கரை போட்டது, உங்களுதுதானேங்க?" என்றாள் மனைவி, ஹால் முழுக்கக் கேட்கும்படி.

மீதிப் பயணம் அறைக்குள்ளேயே பிஸ்கட்டோடு கழிந்தது. இப்போதெல்லாம் மின்சார ரயிலில்கூடத் துண்டு போடுவதில்லை. பீச் ஸ்டேஷன் வரை நின்றேதான் போகிறேன்.

ஊர் திரும்பியதும் மனைவி இதையெல்லாம் ரங்கராஜன் வீட்டு மாமியிடம் ஒப்பித்தாள். மாமி சிரித்தார்.

"கேப்டனாவது, சாப்பாடாவது! இவர் கப்பல் கிளம்பினதுலேர்ந்து வாந்தி எடுத்துண்டு படுத்தே கிடந்தார். சாப்பாட்டு ஹால் எந்தப் பக்கம்னே அவருக்குத் தெரியாது."