அக்கா வீட்டுக் கஞ்சி

நெதர்லாந்தில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில், மதியம் பன்னிரண்டு மணியானால் எல்லோரும் பையிலிருந்து ஆளுக்கு இரண்டு துண்டு ரொட்டியை எடுப்பார்கள். நடுவில் ஒரு சீவல் சீஸ். தின்றுவிட்டு ஒரு தம்ளர் பாலைக் குடித்து எழுந்து போய்விடுவார்கள். வந்த புதிதில் நான் சாதம், சாம்பார், பொரியல், அப்பளம் என்று அடுக்கைப் பிரித்தபோது, பக்கத்து மேசையில் இருக்கும் யான் என்ற டச்சுக்காரர் உண்மையான அக்கறையோடு கேட்டார், "இன்றைக்கு உனக்குப் பிறந்தநாளா?" இல்லை, செவ்வாய்க்கிழமை என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் கைகொடுத்து வாழ்த்தினார்.

பிறகு நானும் ரொட்டிக்கு மாறினேன். கொள்கை என்று ஒன்றும் இல்லை, மதியக் கூட்டங்களில் தூங்கி வழிந்தேன், அவ்வளவுதான். வயிறு லேசாக இருப்பது பழகி, இப்போது அதுதான் பிடித்திருக்கிறது.

இதை உறையூரில் இருக்கும் என் அக்காவிடம் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. இந்த முறை விடுமுறைக்குத் திருச்சி போனதும் முதல் நாள் மட்டன் பிரியாணி, மறுநாள் விரால் குழம்பும் வறுவலும், அதற்கு மறுநாள் நாட்டுக்கோழி. யான் பார்த்திருந்தால் தினமும் வாழ்த்தியிருப்பார். "ரெண்டு இட்லி போதும்க்கா" என்றால் அக்காவின் முகம் சுருங்கிவிடும். "ஏன், என் சமையல் இப்ப உனக்கு இறங்கலையா?" விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நான்காம் நாள் நெய்ச்சோறு வந்தது. வந்தவரைத் தனியாகச் சாப்பிடவிடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம் என்பதால், அக்காவும் எனக்குச் சமமாகப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

மறுநாள் ஸ்ரீரங்கத்தில் ஒரு நண்பனைப் பார்க்கப் போனேன். ராத்திரிச் சாப்பாடும் அங்கேதான் என்று சொல்லியிருந்தேன். அவனுக்கு ஏதோ அவசர வேலை வந்துவிட, பொழுது சாயும்போதே டவுன் பஸ் பிடித்துத் திரும்பிவிட்டேன். கதவு திறந்திருந்தது. அக்காவும் அவள் வீட்டுக்காரரான மாமாவும் நசுங்கிய தம்ளர்களில் ராகிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய்.

அக்கா பதறி எழுந்தாள். "ஐயையோ, ஒரு போன் பண்ணிட்டு வரக் கூடாதா? வீட்ல ஒண்ணுமே இல்லையே!"

"தினமும் எங்களுக்கு இதான் மாப்ள" என்றார் மாமா. "அவளுக்குச் சுகர். நீ வந்ததுலேருந்துதான் பிரியாணி எல்லாம். காலைல பாத்தா ஏகத்துக்கு ஏறிக் கிடக்கு."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அக்கா.

எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பொறாமை வந்தது. நான் கேட்ட லேசான சாப்பாடு இந்த வீட்டில் தினமும் இருந்திருக்கிறது, வீட்டு மனிதர்களுக்கு மட்டும்.

"எனக்கும் அதையே ஊத்துக்கா. நான் இருக்குற வரைக்கும் நமக்கு இதான். இல்லேன்னா நாளைக்கே லாட்ஜுக்குப் போயிடுவேன்."

அக்கா சமையலறைக்குப் போனாள். மேல் அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது.

மூவரும் ஒரே கஞ்சியைத்தான் குடித்தோம். அவர்கள் கையில் நசுங்கிய தம்ளர்கள். என் கையில், விருந்தாளி வந்தால் மட்டும் இறக்குகிற பூப்போட்ட கண்ணாடிக் கோப்பை, அடியில் சாசரோடு.