லீமாவிலிருந்து கீற்றோவரை துணைக்கு ஒருவர்

ரொறன்ரோவுக்கு வடக்கே, றிச்மண்ட் ஹில்லில் நண்பன் தன் வீட்டுக் கதவைச் சாத்தியபோது நான் தெருவில் இறங்கி நடக்கத் தொடங்கியிருந்தேன். முதுகில் பயணப் பை, அதற்குள் இரண்டு அரிசிப் பைகள். தென்னமெரிக்காவில் எவ்வளவு பாரம் சுமக்க நேரிடும் என்று அவனுக்குக் காட்டத்தான் கொண்டுபோனேன். ஒருமுறை தூக்கிப் பார்த்தவன், "நான் வரேல்லை மச்சான். என்ர நாரி போயிடும்" என்று இடுப்பைப் பிடித்தபடி சொல்லிவிட்டான். பெருவின் தலைநகர் லீமாவிலிருந்து எக்குவடோரின் தலைநகர் கீற்றோவரை என்னோடு தரைவழியாக வர ஒப்புக்கொண்டிருந்த ஒரே ஆள் அவன்.

அந்தப் பாதையில் நான் முன்பே போயிருக்கிறேன். கனடாவுக்கு அகதியாக வந்தபோது, காசு வாங்கிக் கள்ளமாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் எங்களை மரக்கறி லொறியில் தறப்பாளுக்குக் கீழே படுக்கவைத்துக் கொண்டுபோனான். லீமாவில் ஒரு அறை, கீற்றோவில் ஒரு அறை, இடையில் வெங்காய மணம். காய்ச்சல் வந்தது, போனது. நான் கண்ட தென்னமெரிக்கா அவ்வளவுதான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அங்கே அவ்வளவு பெரிய மலைகள் இருப்பதே ரொறன்ரோவில் பல் பிடுங்கக் காத்திருந்த அறையில் கிடந்த சஞ்சிகையைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். அதே பாதையில் பகலில், பஸ்ஸில், யன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்து போகவேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஆனால் துணை வேண்டும். தனியாகப் போனால், லொறியைக் கண்டதும் பழக்கதோஷத்தில் ஏறிப் படுத்துவிடுவேனோ என்று எனக்குப் பயம்.

பேவியூ வீதியில் நடப்பவர்கள் குறைவு. பெரிய பையோடு ஒரு தமிழன் நடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பிள்ளையார் கோயில் பக்கமிருந்து வந்த வான் ஒன்று என் அருகில் ஒதுங்கியது. நெற்றியில் திருநீற்றோடு ஒரு பெண் கண்ணாடியை இறக்கினார். ஓட்டிக்கொண்டிருந்தவர் கணவராக இருக்கவேண்டும்.

"தம்பி, தமிழோ?"

"ஓம் அக்கா."

"மனுசி வீட்டால கலைச்சுப்போட்டாளோ?"

"இல்லை அக்கா. தென்னமெரிக்காவுக்குப் போகப்போறன்."

அவர் கணவரிடம் திரும்பினார். "இஞ்சாருங்கோ, பாவம், அகதிக் கேஸ் றிஜெக்ட் ஆகிட்டுதாம்."

"நான் சிற்றிசன் அக்கா. சும்மா பாக்கத்தான் போறன்."

"சனம் காணியை வித்து அங்கயிருந்து இங்க வருது. நீர் இங்கயிருந்து அங்க போறீரோ? ஏறும் முதல்ல, சாப்பிட்டீரோ?"

ஏறினேன். என் பையைப் பக்கத்து இருக்கையில் வைத்ததும் வான் கத்தத் தொடங்கியது. அரிசிக்கும் பெல்ட் போட்டபிறகுதான் அடங்கியது. அக்கா கோயிலில் பொங்கிய புக்கையை ஒரு பெட்டியில் நீட்டினார். இரண்டு சிக்னல் தாண்டியதும் கணவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"நீரும் அந்த வழியால வந்தனீர்போல. லீமாவில எங்க வைச்சிருந்தவங்கள்?"

"தெரியாது அண்ணை. யன்னல் திறக்கவிடேல்லை."

"எங்களையும்தான். கீழ கோழிக்கடை. அது மட்டும் தெரியும். பிறகு லொறியோ?"

"லொறிதான். வெங்காயம்."

"நான் வாழைக்காய். நீர் குடுத்துவைச்சனீர். வாழைக்காய்க் கயர் சட்டையில பிடிச்சால் கறை போகாது."

இதற்கிடையில் அக்கா தன் தம்பியை ஃபோன் ஸ்பீக்கரில் பிடித்திருந்தார். தம்பிக்கு ஸ்காபரோவில் சாப்பாட்டுக் கடை. அண்ணைக்கும் அங்கேதான் வேலை.

"றோட்டில நிண்ட பிள்ளையடா. ஒரு வேலை குடு."

"அக்கா, இப்ப ஆள் தேவையில்லை."

அண்ணை ஃபோன் பக்கம் சாய்ந்தார். "எனக்கு லீவு தந்தியெண்டா தேவைப்படுந்தானே?"

"மாற்று ஆள் கொண்டுவந்தா லீவு எண்டு எப்பவோ சொல்லிப்போட்டன் அத்தான்."

"கொண்டுவந்திட்டன். பின்சீற்றில இருக்கிறார்."

அக்கா முழுதாகத் திரும்பினார். "உங்களுக்கு என்னத்துக்கு இப்ப லீவு?"

"இவரோட லீமா போகப்போறன். நானும் ஒண்டையும் பாக்கேல்லைத்தானே."

நான் இவ்வளவு நாளும் தேடிய துணை முன்சீற்றில் இருந்தது.

"இவர் உங்கட இடத்தில நிண்டா, உங்களோட ஆர் போறது?" என்று அக்கா கேட்டார்.

"முதல்ல ஆளை அனுப்புங்கோ, மிச்சத்தைப் பிறகு கதைப்பம்" என்றது ஃபோன்.

நான் மாட்டேன் என்றால் அவருக்கு லீவு இல்லை, எனக்குத் துணை இல்லை. சரி என்றால் அவர் போகலாம், நான் போக முடியாது. ஸ்காபரோ வரும்வரை யோசித்தும் மூன்றாவது வழி ஒன்றும் வரவில்லை. "சரி" என்றேன். இருவரில் ஒருவராவது பார்க்கட்டும் என்றா, புக்கை சாப்பிட்ட நன்றிக்கா என்று இன்றும் எனக்கே தெரியாது.

மறுநாள் காலை தலையில் வலைத்தொப்பியோடு அந்தக் கடையின் சமையலறையில் நின்றேன். அண்ணை எனக்கு றோல்ஸ் சுற்றப் பழக்கினார். கறியை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் மடித்து, இறுக்கி உருட்டவேண்டும். என் முதல் றோல் எண்ணெயில் வெடித்துக் கறி முழுக்க வெளியே வந்தது. அவர் முகம் வாடிவிட்டது.

"கவனமாய்ச் செய்யும் தம்பி. நான் சம்மருக்கு முதல் வெளிக்கிடவேணும்."

இரண்டாவதை இன்னும் மெதுவாகச் சுற்றினேன்.

"பஸ்ஸில எந்தப் பக்கம் இருந்தா மலை தெரியும்?"

"வடக்க போகேக்க வலப்பக்கம் அண்ணை. இடப்பக்கம் கடல்."

"வலப்பக்கம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டவர், என் கையிலிருந்த றோலை வாங்கிப் பிரித்து, திரும்பவும் முதலிலிருந்து சுற்றச் சொன்னார்.