பன்னிரண்டாவது முனை

ஈயம் உருகும் வாசனை எங்கே வந்தாலும் அங்கே நிற்க மாட்டேன். ரேடியோ ரிப்பேர்க் கடையைக்கூட எதிர்ப்புறமாகத்தான் கடப்பேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் தந்தி ஆபீஸ் மெக்கானிக் நான். தந்திக் கம்பிகளைச் சோதிக்க ஒரு புதுப் பலகை வந்தது. வெளியூர்க் கம்பிகள் எல்லாம் அதன் வழியாகத்தான் போகும்; பழுது ஆபீசுக்கு உள்ளேயா வெளியேயா என்று அதன் மீட்டர் ஊசி சொல்லிவிடும். பன்னிரண்டு கம்பிகளையும் மெழுகு நூலால் கட்டி, முனைகளில் ஈயம் வைத்தவன் நான்தான். அதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நானே சொல்லித் திரிந்த காலம். கரி அடுப்பில் சுட வைத்த இரும்பு, பன்னிரண்டாவது முனைக்கு வருவதற்குள் ஆறிவிட்டது. மறுபடி சுட வைக்கச் சோம்பல். அந்த முனையில் சேரும் அரிமளம் ஊர்க் கம்பியை அரைகுறையாக ஒட்டிவிட்டு எழுந்தேன்.

சில மாதங்கள் கழித்து அரிமளம் லைன் ஒரு நாள் முழுக்கச் செத்துக் கிடந்தது. லைன்மேன் வெயிலில் கம்பம் கம்பமாகப் பார்த்துக்கொண்டே அரிமளம் வரை போய் வந்தார். என்னைவிட மூத்தவர், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"வெளில ஒரு கோளாறும் இல்லீங்க சார்" என்றார்.

அவர் போனதும் வெளிக்கம்பியைக் கழற்றிவிட்டுச் சோதித்தேன். ஊசி அசையவில்லை, பழுது உள்ளேதான். பன்னிரண்டாவது முனையை விரலால் தட்டினேன், ஊசி துள்ளியது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? அவசரமாகப் புது ஈயம் வைத்தேன். பழுதுப் புத்தகத்தில் 'வெளிக் கம்பி' என்று எழுதினேன். பயம்தான், வேறென்ன.

அன்று தேங்கிய தந்திகளில் ஒன்று, தகப்பன் இறந்த சேதி, அரிமளத்திலிருந்த ஒரு மகனுக்கு. அவர் ஊர் போய்ச் சேர்வதற்குள் தகப்பனை எரித்துவிட்டார்கள். புகார் வந்தது. அதிகாரி பழுதுப் புத்தகத்தைப் புரட்டினார். நடக்காமலே புளியமரத்தடியில் படுத்துவிட்டு வந்திருக்கிறான் என்று லைன்மேனை வேலையை விட்டு நிறுத்தினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

கம்பம் ஏறும் பெல்ட்டை என்னிடம் ஒப்படைக்க வந்தவர் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பதினொண்ணு மங்கிக் கெடக்கு. ஒண்ணு மட்டும் பளபளங்குதே. எப்ப வச்சீங்க சார்?"

"அதுவா... முந்தியே வச்சதுண்ணே."

"சரிங்க. வாரேன்."

அதிகாரி அறை பக்கத்திலேயே இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லாமல் தெருவில் இறங்கிவிட்டார். ஏன் என்று அவரைக் கேட்கும் துணிச்சல் எனக்குக் கடைசிவரை வரவில்லை.

அவர் தெருமுனை திரும்புவதற்குள் கரி அடுப்பை மூட்டினேன். இந்தத் தடவை இரும்பை நன்றாகச் சுட வைத்து, மீதிப் பதினொன்றுக்கும் புது ஈயம் வைத்தேன்.