மீன்காரியோட சண்டையில செத்த வைஃபை பொட்டி

அடையாறுல நாலு மாடி ஃபிளாட்டு. கீழ மோட்டார் ரூமை ஒட்டின சின்ன ரூமுல நான் கீறேன். வீட்டுக்காரர் இங்க வாட்ச்மேனா இருந்து போய்ச் சேர்ந்தாரு, அந்த வேலைய இப்ப நான் பார்க்கிறேன். மூணாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவ. அதுலயும் பாதி நாளு வாத்தியார் வரல, மீதி நாளு நான் போகல.

மாடிக்கு ஒரு வைஃபை பொட்டி மாட்டினாங்க. ஒண்ணுகிட்டேர்ந்து ஒண்ணு வாங்கி நெட்டை மேல அனுப்பும். மெஷ்ஷுன்னு பேரு. தலைப்பொட்டி என் ரூமுல. "எது எங்க இருக்குன்னு ஆப்புல பேரு போட்டு வை பாட்டிம்மா"ன்னு அசோசியேஷன் செகரட்டரி சார் போனைக் குடுத்தாரு. எனக்கு எழுத வராது. மைக்கை அமுக்கிப் பேசினா அதுவே எழுதிக்கும்.

"கீழ, மோட்டார் ரூம் பக்கம்"ன்னு ஆரம்பிச்சேன். அந்த நேரம் பார்த்து மீன்காரி வந்தா. மைக்கை மூடாம போனை மடியில வெச்சுக்கினு, சங்கரா மீனு செத்து மூணு நாளாச்சுன்னு நான் சொல்ல, "உன் கண்ணுக்கு எல்லாமே பழசா தான் தெரியும் ஆயா"ன்னு அவ சொல்ல, பரம்பரை வரைக்கும் போச்சி. கடைசியில மீனு வாங்கினேன், அது வேற விஷயம். போனைப் பார்த்தா மொத்த சண்டையும் பேரு கட்டத்துல உக்காந்துக்கினு கீது. அழிக்கப் போயி ஓகேவை அமுக்கிட்டேன். பொட்டியில செவப்பு லைட்டு. நாலு மாடிக்கும் நெட்டு காலி.

செகரட்டரி இறங்கி வந்தாரு. "படிக்காதவ கையில குடுத்தது என் தப்பு. மாசக் கடைசிக்குள்ள ரூமைக் காலி பண்ணு."

"நான் இன்னா சார், சுத்தியாலயா அடிச்சேன்? பேசினேன். பேசினதுக்கே சாவுற பொட்டிய வாங்கியாந்தது யாரு?"

ரெண்டாவது மாடிப் பொண்ணுக்கு வேளச்சேரி பக்கம் கம்ப்யூட்டர் வேலை. அது கேட்டுக்கினு இருந்துச்சி. பொட்டிய அணைச்சுப் போட்டு எழுப்பிட்டு சொல்லிச்சி, "ஆயா, பண்ணதையே திரும்பப் பண்ணுங்க." பண்ணேன். திரும்பச் செத்துச்சி. பொண்ணு மூஞ்சி மாறிப் போச்சி.

"பேருக்குன்னு உள்ள கொஞ்சம் எடம் தான் ஆயா. அளவு பார்க்காம வாங்கிக்குது. மிச்சம் வழிஞ்சு பக்கத்துல இருக்கறதை அழிக்குது. வெவரம் தெரிஞ்சவன் அந்த மிச்சத்துல கட்டளைய வெச்சு அனுப்பினா, பொட்டி அவன் சொல்றதைக் கேக்கும். வாசல் கேட்டு, கேமரா எல்லாம் இதுல தானே ஓடுது?"

பொட்டி செஞ்ச கம்பெனிக்குப் பொண்ணு எழுதிப் போட்டுச்சி. 'உண்மை தான், புது சாஃப்ட்வேர் தர்றோம், அதுவரைக்கும் வெளியாளுங்க நுழையற கெஸ்ட் வைஃபையை மூடி வைங்க'ன்னு பதில் வந்துச்சி.

செகரட்டரி மூட மாட்டேன்னுட்டாரு. "பாட்டி கெளம்பட்டும், எல்லாம் சரியாயிடும்."

ஞாயித்துக்கிழமை மொட்டை மாடியில மீட்டிங்கு. என்னைக் கூப்பிடல, போனேன். "கோளாறு எங்கிட்டயா பொட்டிகிட்டயான்னு பார்த்துடலாம். போனை நீங்களே புடிங்க சார்." வீம்புக்குப் புடிச்சாரு. மைக்குல அவரைப் பத்தி தான் பேசினேன். ரெண்டு மாசமா எரியாத லிஃப்ட் லைட்டு. மழையில என் ரூமுல முட்டி வரைக்கும் தண்ணி நின்னப்ப பால்கனியிலேர்ந்து "பம்ப்செட் பத்திரம்"னு கத்தினது. நெறைய இருந்துச்சி. "ஓகே அமுக்குங்க சார்." அமுக்கினாரு. எல்லாரு போனுலயும் நெட்டு போச்சி. யாரோ சிரிச்சாங்க. யாரோ இன்னா, அவரு பொண்டாட்டி தான்.

அன்னிக்கே கெஸ்ட் வைஃபையை மூடினாங்க. புது சாஃப்ட்வேர் வந்ததும் நானும் பொண்ணும் நாலாவது மாடிப் பொட்டியிலேர்ந்து மாத்திக்கினே கீழ இறங்கினோம். தலைப்பொட்டி மொதல்ல கோளாறாச்சுன்னா மேல கீறதுக்கு வழி அறுந்துடும். அப்புறம் பழையபடி திட்டிப் பார்த்தேன். கொஞ்சம் வாங்கிக்கிச்சி, போதும்னு நிறுத்திக்கிச்சி.

"மாசக் கடைசி வந்துடுச்சி சார், எப்பக் கெளம்பணும்?"னு கேட்டேன். அவரு லிஃப்ட் லைட்டு வாங்கப் போயிட்டாரு.

கம்பெனி நன்றிக் கடுதாசிக்கு, கண்டுபுடிச்சவங்க பேரைக் கேட்டுச்சி. "அசோசியேஷன் பேரைப் போடலாமே"ன்னாரு செகரட்டரி.

"மீன்காரிகிட்ட சண்டை போட்டது அசோசியேஷனா?"

என் பேரு தான் வந்துச்சி. கடுதாசிய ரூம் கதவுல ஒட்டி வெச்சிருக்கேன். வெளிப்பக்கமா. காலி பண்ணச் சொல்ல வர்றவங்க கண்ணுல மொதல்ல படணும்ல.