மிலானிலிருந்து ஒருவர்

துனிசியாவில், ஜர்ஸிஸ் மீன்பிடித் துறைக்குப் போகிற சாலையில் லஸாத்தின் இணையக் கடை இருக்கிறது. ஆறு கணினிகள். அதில் இரண்டு எப்போதும் படுத்த படுக்கை. ஆளுக்கொரு கைபேசி வந்துவிட்ட காலத்தில் அங்கே யார் போகிறார்கள் என்று கேட்பீர்கள். அம்மாக்கள் போகிறார்கள். தினமும் காலை பத்து மணிக்கு ஏழெட்டுப் பேர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் பதினெட்டுப் பையன்கள் ஒரே படகில் இத்தாலிக்குக் கிளம்பினார்கள். படகும் போய்ச் சேரவில்லை, பிணமும் கரை ஒதுங்கவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் அவர்களில் ஒருவனான அன்வர் இந்தக் கடைக்கு வந்து, நாளைய கடல் நிலவரம் காட்டும் அலைப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "அண்ணே, நாளைக்குக் கடல் எப்படி?" என்று கேட்டான். லஸாத் டீயை உறிஞ்சிக்கொண்டே எட்டிப் பார்த்தான். "எண்ணெய் மாதிரி கெடக்கும், போ" என்றான். அவ்வளவுதான் அவன் செய்தது. அன்றைக்குத் தொலைந்த தூக்கம் இன்னும் வரவில்லை. கண்ணை மூடினால் எண்ணெய் தெரிகிறது.

அந்த வேதனையில்தான் பதினெட்டுப் படங்களையும் போட்டு ஒரு இணையப் பக்கம் செய்தான். அம்மாக்களுக்கு அது போதவில்லை. "யாரு பாக்குறா இதை? சுவத்துல ஒட்டியிருந்தா ஆடாவது பாத்திருக்கும்" என்று ஸல்ஹா கத்தினாள். அவள் மகனும் அந்தப் படகில்தான் போனான். சரி என்று லஸாத் ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும், எத்தனை பேர் பார்த்தார்கள், எந்த ஊரிலிருந்து, எத்தனை மணிக்கு என்று எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒரு கணக்கு வைத்தான். படுபாவி, வைக்காமலே இருந்திருக்கலாம்.

பெரும்பாலும் துனிஸ், ஸ்பாக்ஸ் என்று உள்நாட்டு ஊர்தான் வரும். வெளிநாட்டு ஊர் ஒன்று வந்துவிட்டால் கடையே எழுந்து நிற்கும். ஸல்ஹாவின் மகனுக்கு வாரம் இரண்டு முறை பிரான்ஸின் மார்ஸேய் வந்தது. அன்வருக்கு, போன குளிர்காலத்திலிருந்து, ஒரு நாள் விடாமல் இத்தாலியின் மிலான். காலை ஐந்து நாற்பது.

அன்வரின் அம்மா மப்ரூக்காவுக்கு எழுத்து தெரியாது. லஸாத்தான் படித்துச் சொல்வான். ஊரே அவளைக் காலா, அதாவது சின்னம்மா, என்றுதான் கூப்பிடும்.

"மிலான், காலா. அஞ்சு நாப்பது."

"பாத்தியாடி! விடிகாலைல சுபுஹு தொழுதுட்டுத் தன் மூஞ்சியைத் தானே பாத்துக்குறான்."

"தொழுகையா? உன் மகனா?" என்பாள் ஸல்ஹா. "வெள்ளிக்கிழமைகூட பள்ளிவாசல் பக்கம் தலைவெச்சுப் படுக்கமாட்டானே."

"வெளியூர் போனா புத்தி வரும்டி."

அப்படியானால் ஏன் கூப்பிடவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அனுமதிக் காகிதம் இல்லாதவன், ஒளிந்து திரிகிறான், பயந்திருப்பான். லஸாத்தும் அதையே நம்பினான். அவனுக்குத்தான் அந்த மிலான் மற்ற எல்லாரையும்விட அதிகம் தேவைப்பட்டது.

ஒரு நாள் நல்ல மழை. மற்றவர்கள் போய்விட்டார்கள், மப்ரூக்கா மட்டும் தங்கிவிட்டாள். மூலையில் உட்கார்ந்து கைபேசியை எடுத்து, மகன் படத்தை விரலால் தொட்டுத் திறந்து முத்தமிட்டாள். லஸாத்தின் திரையில் புது வரி ஒன்று வந்து நின்றது. மிலான். இப்போது.

"காலா, அந்தப் போனு ஏது?"

"அக்கா மவன் இத்தாலியில இருந்து குளிருக்கு முன்னாடி அனுப்பினான். நம்பரும் அங்கத்த நம்பர்தான், மாசாமாசம் அவனே கட்டிடுறான். அன்வர் அங்கேயிருந்து கூப்பிட்டா அவனுக்கு அதிகம் ஆகக்கூடாதுல்ல?"

"தினமும் திறப்பீங்களா?"

"விடிஞ்சதும் தொழுதுட்டு, எம்புள்ளைக்கு சலாம் சொல்லிட்டுத்தான் அடுப்பப் பத்தவெப்பேன். ஏன், ஏதும் கெட்டுப்போயிடுமா?"

இத்தாலி எண் இந்த ஊர் அடுப்படியில் கிடந்தாலும் இத்தாலி வாசல் வழியாகத்தான் இணையத்துக்குள் நுழையும்; அந்த வாசல் இருக்கிற ஊர்தான் மிலான். தொழில் தெரிந்த லஸாத்துக்கு இது முதல் நாளே உறைத்திருக்க வேண்டும். "ஒண்ணும் கெடாது காலா" என்றான். மறுநாளும் வாய் கூசாமல் மிலான் என்று படித்தான். அதன்பின் விடிகிற நேரமெல்லாம் அவனுக்கு நரகமாயிற்று. ஐந்து நாற்பதுக்குத் திரை முன்னால் உட்கார்ந்திருப்பான். வரி வந்து நிற்கும். செத்தவன் வந்து வாசலில் நிற்பதுபோல் இருக்கும் அவனுக்கு.

பதினோராம் நாள் மப்ரூக்காவின் சின்ன மகன் ஸைஃப் கடைக்கு வந்தான். அண்ணன் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து அலைப் படத்தைத் திறந்தான்.

"அண்ணே, வியாழக்கிழமை கடல் எப்படி?"

"எதுக்குடா?"

"மிலானுக்குப் போறேன். அவன் பேச பயப்படுறான், நான் போய்க் கூட்டிட்டு வந்துடுறேன். அம்மாதான் போகச் சொன்னாங்க."

லஸாத் கணினியின் மின்கம்பியைப் பிடுங்கினான். "எந்திரி. வீட்டுக்கு நட."

மப்ரூக்கா கூஸ்கூஸ் சாப்பாட்டுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மாவுக் கையோடு அவளை உட்கார வைத்து லஸாத் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே அழுகை வந்தது. அவள் அழவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"ஸைஃப், உன் போன்ல அந்தக் கணக்கைத் திற. நான் தொட்டதும் என்ன வருதுன்னு படி."

அவள் படத்தைத் தொட்டாள். "மிலான். இப்போது" என்றான் ஸைஃப். மூடிவிட்டு மறுபடி தொட்டாள். "மிலான்." மூன்றாவது முறை அவன் போனைத் தரையில் கவிழ்த்து வைத்தான்.

"உங்கண்ணன் அங்க இல்லடா," என்றாள். "இத்தனை நாளும் நான்தான் அங்க இருந்திருக்கேன்."

ஸைஃப் உள்ளே போய்ப் பயணப் பையை எடுத்துவந்து, அதிலிருந்த பேரீச்சையையும் ரொட்டியையும் அம்மாவின் காலடியில் கொட்டினான். அப்புறம் அந்த ரொட்டியின் பக்கத்திலேயே சுருண்டு படுத்துக்கொண்டான்.

"அந்தக் கணக்கையே எடுத்துடுறேன் காலா," என்றான் லஸாத். "யாருக்கும் வேணாம்."

அவள் அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். "எடுக்காதே. ஸல்ஹாவுக்கு வேற புள்ள இல்ல, கடலுக்கு அனுப்ப. அவளுக்கு அந்த மார்ஸேய் மட்டுந்தான் இருக்கு. அது யாரு, எவருன்னு நீ சோதிச்சுப் பாக்கக்கூடாது. அல்லா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினான்.

இப்போதும் பத்து மணிக்கு அம்மாக்கள் வருகிறார்கள், லஸாத் படிக்கிறான். மிலான் வருவதில்லை. மப்ரூக்கா அந்தப் போனை அணைத்து அலமாரியில் போட்டுவிட்டாள். ஆனால் தினமும் வந்து உட்காருகிறாள். மார்ஸேய் என்று அவன் படித்ததும் ஸல்ஹாவின் தொடையில் தட்டி, "பாத்தியாடி, நான் சொன்னேன்ல, நல்லாத்தான் இருக்கான்" என்று முதல் ஆளாகச் சொல்பவள் அவள்தான்.