ஹெக்லண்ட் பண்ணையின் இரண்டு ஓல்சன்கள்

மினசோட்டாவின் மேற்கு ஓரத்தில் உள்ள ஒரு லூத்தரன் தேவாலய அலுவலகத்தில் ஆர்லிஸ் ஹெக்லண்ட் நாற்பது வருஷம் வேலை பார்த்தாள். அந்த ஊரில் யாருக்கு ஞானஸ்நானம், யாருக்குக் கல்யாணம், யார் அடக்கமானார்கள் என்பதெல்லாம் அவள் கையெழுத்தில்தான் பதிவேட்டில் ஏறியது. கல்யாணப் பக்கங்களில் அவள் பெயர் மட்டும் ஏறவே இல்லை.

அதற்குக் காரணம் செல்மர் ஹெக்லண்ட். இல்லை, அவன்மேல் பழி போடுவது அநியாயம். காரணம் அவள் அப்பா. 1970இல் செல்மர் பெண் கேட்டு வந்தபோது, தோளில் இருந்த உருளைக்கிழங்கு மூட்டையை இறக்கிக்கூட வைக்காமல் பதில் சொன்னார் மனுஷர். ஒரே பண்ணைப் பெயர், ஒரே ரத்தம், பங்காளிக்குப் பெண் கொடுப்பதில்லை என்றார். போதகரும் தலையை ஆட்டிவிட்டார்.

ஊரே அப்படித்தான் நம்பியது. இவள் தாத்தா அஸ்லாக் ஓல்சன் ஹெக்லண்ட், அவன் தாத்தா நில்ஸ் ஓல்சன் ஹெக்லண்ட். ஓல்சன் என்றால் ஓலாவின் மகன், ஆக இரண்டு பேருக்குமே அப்பா பெயர் ஓலா. 1885இல் நார்வேயிலிருந்து ஒரே கப்பலில் வந்து பக்கத்துப் பக்கத்து நிலத்தில் குடியேறியவர்கள். நில்ஸ் ஒரு பனிப்புயலில் செத்தபோது அவன் பையனுக்கு ஐந்து வயது. அந்த வசந்தத்தில் அஸ்லாக்தான் இரண்டு நிலத்தையும் உழுதார். அண்ணன் தம்பி இல்லாமல் வேறு யார் அப்படிச் செய்வார்கள் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து செல்மர் லோரெய்னைக் கட்டினான். அந்தக் கல்யாணத்தையும் ஆர்லிஸ்தான் பதிவேட்டில் எழுதினாள். லோரெய்ன் நல்லவள். அவள் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. அன்றிலிருந்து ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செல்மருக்குச் சாப்பாடு ஆர்லிஸ் வீட்டில்தான். வேறொரு தனிப்பெண் வீட்டு வாசலில் அவன் வண்டி நின்றிருந்தால், தேவாலயக் காப்பி ஆறுவதற்குள் ஊர் அதைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கும். பங்காளி என்பதால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

இந்த நிலையில்தான் சபையின் நூற்றைம்பதாவது ஆண்டு மலர் வேலை அவள் தலையில் விழுந்தது. குடும்பத்துக்கு ஒரு பக்கம். நார்வேயின் பழைய சபைப் பதிவேடுகள் எல்லாம் இப்போது கணினியில் கிடைக்கின்றன. அந்தக் கோழிக் கிறுக்கல் எழுத்தைப் படிப்பதில் மாவட்டத்திலேயே அவள்தான் கெட்டிக்காரி. பண்ணைப் பெயர் பரம்பரைப் பெயர் இல்லை, வெறும் விலாசம் என்று எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்தவள் அவள். முதலாளியோ கூலியாளோ, யார் அந்தப் பண்ணையில் இருந்தாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும், இடம் மாறினால் பெயரும் மாறும், கப்பல் ஏறும்போது இருந்த பண்ணையின் பெயரே அமெரிக்காவில் நிலைத்துவிடும். இதை ஊருக்கெல்லாம் சொன்னவள் தன் வீட்டுப் பெயரை ஒரு தடவைகூடத் தட்டிப் பார்க்கவில்லை.

இப்போது பார்த்தபோது, அந்த நார்வேச் சபையின் 1883ஆம் வருஷக் குடிவந்தோர் பட்டியலில் நான்காவது வரி: நில்ஸ் ஓல்சன், வயது பதினேழு, பண்ணைக் கூலி, பக்கத்துச் சபையின் மோயன் பண்ணையிலிருந்து ஹெக்லண்டுக்கு. ஐந்து வாரம் இரண்டு பக்கமும் மூன்று தலைமுறை தோண்டினாள். பெற்றவர்கள், ஞானப் பெற்றோர், யாரையும் விடவில்லை. ஓலா இரண்டும் வேறு வேறு ஆள், ஒரு சொட்டு ரத்தம் பொதுவில் இல்லை.

முதலில் செத்துப்போன அப்பாமேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அது அடங்கியதும் பயம் வந்தது. உண்மையை அச்சில் போட்டால் பங்காளி என்ற போர்வை போய்விடும், ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும். எழுபத்தைந்து வயதில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு நாள்தான்.

வியாழக்கிழமை காகிதங்களை எடுத்துக்கொண்டு செல்மரின் கொட்டகைக்குப் போனாள். அவன் விதைக்கும் இயந்திரத்தின் அடியிலிருந்து எழுந்து வந்தான்.

"செல்மர், நீ எங்க பங்காளி இல்ல. உங்க தாத்தா ஹெக்லண்ட்ல ரெண்டு வருஷம் கூலிக்கு நின்ன ஆளு. அவ்வளவுதான்."

கையில் கிரீஸ் இருந்ததால் அவன் காகிதத்தைத் தொடவில்லை. அவள் பிடித்துக் காட்ட, குனிந்து படித்தான். அப்புறம், "உங்கப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியாது. தெரிஞ்சிருந்தா வேற காரணம் சொல்லி வெரட்டியிருப்பாரு."

சிரிக்கப் போனவன் பாதியில் நிறுத்தினான். "அம்பத்தஞ்சு வருஷம், ஆர்லிஸ்."

லோரெய்னோடு குறையில்லாமல்தான் வாழ்ந்ததாகவும் சொன்னான். தெரியும் என்றாள் இவள். திங்கட்கிழமை மலர் அச்சுக்குப் போகிறது, பழையபடியே போட்டுவிடட்டுமா என்று கேட்டாள். நாற்பது வருஷத்தில் ஒரு தேதியைக்கூட மாற்றி எழுதாதவள் கேட்ட கேள்வி அது. பார்க்கலாம் என்றான் செல்மர். அந்த ஊரில் கல்யாணத்துக்கும் பார்க்கலாம்தான், இழவுக்கும் பார்க்கலாம்தான். அதிலிருந்து யாரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

ஞாயிற்றுக்கிழமை அவன் தேவாலயத்துக்கு வரவில்லை. போச்சு என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் இறைச்சியை இரண்டு பேருக்குத்தான் அடுப்பில் வைத்தாள்.

ஒரு மணிக்கு முன்கதவு தட்டப்பட்டது. அந்தப் பக்கத்தில் மனிதர்கள் சமையலறைக் கதவு வழியாகத்தான் வருவார்கள். முன்கதவு புதுப் போதகருக்கும் சவப்பெட்டிக்கும்தான். ஆர்லிஸ் வீட்டு முன்கதவோ மூன்று தடவை பெயின்ட் அடித்ததில் சட்டத்தோடு ஒட்டியே போயிருந்தது. யாராக இருந்தாலும் சுற்றிக்கொண்டு வரும்படி உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

"அது பங்காளி வர்ற வழி," என்றது செல்மரின் குரல். "நான் இங்கயே நிக்கிறேன்."

வெண்ணெய்க் கத்தியை எடுத்துவந்து கதவின் விளிம்பில் மேலிருந்து கீழ்வரை பெயின்ட்டைக் கீறினாள். இவள் இழுக்க, அவன் தள்ள, அரைமணி நேரம் ஆயிற்று. அடுப்பில் இறைச்சி தீய்ந்தது. கதவு திறந்தபோது அவன் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, குளிரில் மூக்கு சிவந்து நின்றான்.

"பொண்ணு கேக்க வந்திருக்கேன்," என்றான். "உங்கப்பா இல்ல. யாரக் கேக்கிறது?"

"அன்னிக்கும் என்னைத்தான் கேட்டிருக்கணும்," என்றாள் ஆர்லிஸ்.